ஹைபிரிட் காரும் அதன் புகைக் கணக்கும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும், சார்ஜரில் செருகத் தேவையில்லாத சாதாரண ஹைபிரிட் கார் ஒன்றைச் சில ஆண்டுகளாக அன்றாடப் பயணங்களுக்குப் பயன்படுத்தி வருகிறேன். மைலேஜைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். ஆகவே, சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சொல்லி விற்கப்படும் இந்த வாகனம் அந்தப் பெயருக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். இந்தக் காரில் ஓடும் மின்சாரம் முழுவதும் பெட்ரோலிலிருந்து வந்ததே. வெளியிலிருந்து ஒரு யூனிட் கூட உள்ளே செல்வதில்லை. எரித்த பெட்ரோலின் ஆற்றல் வீணாவதைக் குறைப்பது மட்டுமே அதனால் ஆகக்கூடிய காரியம்.

நெரிசல் மிகுந்த சாலையில் அந்தக் காரியத்தை அது மிக நன்றாகவே செய்கிறது. சாதாரண காரில் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாகிக் காற்றோடு போய்விடும். இங்கே மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. சிக்னலில் நிற்கும்போது என்ஜின் தானாக அணைந்துவிடுகிறது. மீண்டும் நகரும்போது, பெட்ரோல் என்ஜின் மிகவும் திணறும் அந்த முதல் சில மீட்டர்களை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. மோட்டாரின் துணை இருந்ததால்தான், இழுவிசை குறைந்தாலும் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் அட்கின்சன் சுழற்சி என்ஜினை, 1997 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமான தன் முதல் பிரியஸ் ஹைபிரிட் காரிலேயே டொயோட்டாவால் பொருத்த முடிந்தது.

பலரும் பேசாத இன்னொரு பலன் பிரேக்கில் இருக்கிறது. சர்வீஸின்போது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், பேடுகளை அண்மையில் மாற்றினீர்களா என்று என்னிடமே கேட்டார். அவை வண்டியோடு வந்தவைதான். பேடு தேயாத அளவுக்குப் பிரேக் தூசியும் காற்றில் கலப்பதில்லை. டயருக்கு இந்தச் சலுகை இல்லை, பேட்டரியும் மோட்டாரும் கூட்டும் எடை அங்கே சிறிது பாதகமாகவே அமைகிறது.

நெடுஞ்சாலைக்கு வந்தால் கதை வேறு. பிரேக்கை அரிதாகவே தொடும் சீரான வேகத்தில் மீட்டெடுக்க ஆற்றல் ஏதும் இருப்பதில்லை. காற்றின் எதிர்ப்பை முழுக்க என்ஜின்தான் சமாளிக்க வேண்டும். நீண்ட மலை இறக்கங்களில் இதன் எல்லையைக் கண்ணாலேயே காணலாம். சில வளைவுகள் இறங்குவதற்குள் சிறிய பேட்டரி நிரம்பிவிடுகிறது, திரையில் பேட்டரியை நோக்கி ஓடிக்கொண்டிருந்த அம்புக்குறி மறைகிறது, ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமலேயே என்ஜினின் இரைச்சல் உயர்கிறது. மிச்சமுள்ள ஆற்றலை என்ஜினைச் சுழற்றியே கரைக்கிறது வண்டி. குளிர்ந்த காலையில் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினாலும் ஆதாயம் சொற்பமே. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்பதால், பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்குப் பதிலாக 20 கிலோமீட்டர் தரும் ஹைபிரிட் ஒன்றை ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓட்டினால் 2,500 லிட்டர் மிச்சமாகும். அதாவது ஏறக்குறைய 5.75 டன் கார்பன் டை ஆக்சைடு குறையும். எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, பெட்ரோல் பங்க் வரை கொண்டுவருவதில் தவிர்க்கப்படும் புகை இதற்கு மேல். ஆனாலும் மீதி 7,500 லிட்டர் எரிந்தே தீர்கிறது என்பதையும் அதே கணக்குதான் சொல்கிறது. ஆயுள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலான இடங்களில் முழு மின்சாரக் காரே குறைவாக மாசுபடுத்துகிறது.

ஹைபிரிட்டுக்கு ஆதரவாக நான் முன்வைக்கும் வலுவான வாதம் அதன் பேட்டரி சிறியது என்பதே. மின்சாரக் காரில் 50 கிலோவாட் மணி, அதற்கும் மேல் என்று இருக்கும் இடத்தில் இங்கே ஒன்று அல்லது இரண்டு கிலோவாட் மணிதான்; அதைத் தயாரிப்பதில் உண்டாகும் கூடுதல் புகை சில நூறு கிலோவைத் தாண்டாது என்பதால், நகரத்தில் ஓடும் வண்டி அதை விரைவிலேயே ஈடுசெய்துவிடும். நீண்ட தூரம் ஓடும் ஒரு மின்சாரக் காருக்கான மூலப்பொருளைக் கொண்டு 90 ஹைபிரிட் கார்களைச் செய்யலாம் என்று டொயோட்டா வாதிடுவதும் இதனால்தான். ஹைபிரிட் விற்பவரின் வாதம் என்பதால் அதைச் சற்றுத் தள்ளுபடியோடுதான் கேட்க வேண்டும், இருந்தாலும் அடிப்படைத் தர்க்கம் சரியே. அதற்காக ஹைபிரிட்டின் கைகள் முற்றிலும் சுத்தம் என்று சொல்லிவிடவும் முடியாது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்கு நிக்கலும் லாந்தனமும், மோட்டாரின் காந்தங்களுக்கு நியோடிமியமும் வேண்டும். லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களைப் பிரித்தெடுத்த கழிவுகள் சீனாவின் பாவ்டோ நகரை அடுத்த பகுதிகளில் மண்ணையும் நீரையும் கெடுத்திருக்கின்றன.

சார்ஜரில் செருகும் பிளக்-இன் வகையைப் பற்றி என் கருத்து கடுமையானது. ஐரோப்பிய ஆணையம், கார்களுக்குள்ளேயே பொருத்தப்பட்ட எரிபொருள் அளவிகளின் தரவை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், இவ்வகைக் கார்கள் சாலையில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, ஆய்வகச் சோதனையில் காட்டியதைப் போல் சுமார் மூன்றரை மடங்கு இருந்தது. சார்ஜ் செய்யாமல் ஓட்டினால், பெரிய பேட்டரியைச் சுமந்து செல்லும் வெறும் பெட்ரோல் கார்தான் அது. இரவில் வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இல்லாதவர்கள் அதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பழைய ஹைபிரிட் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கையின் ஓரத்தில் உள்ள சிறு துவாரத்தின் வழியாகவே உள்ளே போகிறது. அதன் ஃபில்டரில் தூசியும் நூலிழையும் அடைந்தால் விசிறி ஓயாமல் இரைகிறது, பேட்டரி சூடேறி அதன் ஆயுள் குறைகிறது. வண்டியைப் பார்க்கப் போகும்போது அந்த மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.