லேப்டாப் ஜிபியுவை விஎம்முக்குக் கொடுக்க: என்விடியாவா, ஏஎம்டியா, இன்டெல்லா?

லினக்ஸ் லேப்டாப்பில் கேவிஎம் என்ற மென்பொருள் வழியாக ஒரு விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) உருவாக்கி, அதில் விண்டோஸ் ஏற்றி, ஜிபியுவை (கிராஃபிக்ஸ் சிப்) அப்படியே அதற்கு ஒப்படைப்பதுதான் பாஸ்த்ரூ. டெஸ்க்டாப்புக்கு எழுதிய வழிமுறையை லேப்டாப்பில் அப்படியே செய்தால், பெரும்பாலும் டிரைவரில் போய் முட்டிக்கொள்ளும்.

முதலில் என்விடியா. 2021 மார்ச் வரை ஜீஃபோர்ஸ் டிரைவர், தான் விஎம்முக்குள் இருப்பதை மோப்பம் பிடித்தால் வேலை செய்யாது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், திறந்தால் கோட் 43 என்ற பிழை. 465 வரிசை டிரைவரில் நிறுவனமே அந்தத் தடையை நீக்கியது. நல்ல முடிவு, தாமதமாக வந்தது. ஆனால் ஆப்டிமஸ் லேப்டாப்களில் (சிபியுவோடு வரும் உள் ஜிபியுவும் என்விடியா ஜிபியுவும் சேர்ந்து இருப்பவை) அதற்குப் பிறகும் கோட் 43 வருவதுண்டு. லேப்டாப் கார்டு என்றால் டிரைவர் பேட்டரியைத் தேடுகிறது. விஎம்மில் பேட்டரி ஏது? அதனால் போலி பேட்டரியைக் காட்டும் சின்ன ஏசிபிஐ அட்டவணை (வன்பொருள் விவரத்தை விண்டோஸுக்குச் சொல்வது) ஒன்றை விஎம்முக்குக் கொடுக்கிறார்கள். சப்சிஸ்டம் ஐடியும் (கார்டு எந்தத் தயாரிப்பாளரின் எந்த மாடலில் இருக்கிறது என்று காட்டும் எண்) அசலோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் டிரைவர் நிறுவலே நின்றுபோகலாம். சில மாடல்களில் கார்டின் பயாஸ் லேப்டாப் பயாஸுக்குள் ஒளிந்திருக்கும். அதையும் பிரித்தெடுத்துத் தர வேண்டும்.

ஏஎம்டி டிரைவர் விஎம்மைப் பார்த்து முரண்டு பிடிப்பதில்லை. அங்கே தொல்லை ரீசெட். விஎம்மை மூடித் திறந்தால் கார்டு எழுந்திருக்காது, லேப்டாப்பையே ரீபூட் செய்ய வேண்டியிருக்கும். போலாரிஸ், வேகா, முதல் தலைமுறை நாவி கார்டுகளுக்கு வெண்டர் ரீசெட் என்ற கெர்னல் மாட்யூல் கைகொடுக்கிறது.

இன்டெல் வழியே வேறு. 5 முதல் 10 வரையிலான தலைமுறை சிபியுக்களில் (10இல் ஐஸ் லேக் வகை தவிர) ஜிவிடி-ஜி என்ற நுட்பம், உள் ஜிபியுவையே பங்கு பிரித்துத் தரும். லேப்டாப் திரையும் இருட்டாகாது. 11இல் அது போய்விட்டது, 12 முதல் எஸ்ஆர்-ஐஓவி என்ற வேறொரு பங்கிடும் முறை. அலுவலக வேலைக்குத் தாராளம், பெரிய கேம்களுக்குப் போதாது.

என் ஓட்டு, எச்டிஎம்ஐ போர்ட் நேரடியாக ஜிபியுவோடு இணைந்திருக்கும் என்விடியா லேப்டாப்புக்கு. விஎம்மின் படம் அந்த போர்ட் வழியாகவே வெளித்திரைக்குப் போய்விடும். பழைய லேப்டாப் வாங்கப் போனால் லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் அந்தக் கார்டு 'விஜிஏ கன்ட்ரோலர்' என்று வந்தால் நல்ல அறிகுறி. '3டி கன்ட்ரோலர்' என்றால் அதிலிருந்து திரைக்கு ஒயரே போகவில்லை என்று பொருள். சரி, வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.