ஊர் வீட்டில் பிரிண்டரும் நெட்டும்: விமானம் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை

இந்தமுறை கும்பகோணத்தில் மூன்று வாரம். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் காதில் விழுந்தது ஒரே புகார்தான்: "பிரிண்ட் எடுத்தா நெட் போயிடுது, நெட் வந்தா பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது." பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்று எல்லாம் இப்போது இணையத்திலேயே இறங்குகிறது. அதனால் வீட்டுக்கொரு இங்க் டேங்க் பிரிண்டர் வந்துவிட்டது. நிறுவ வந்த சர்வீஸ் ஆள் கால்மணி நேரத்தில் ஒரு பக்கம் அடித்துக் காட்டிவிட்டுப் போயிருப்பார். அவர் எந்த வழியில் இணைத்தார் என்பதில்தான் கோளாறு.

இன்றைய வீட்டு பிரிண்டர்கள் பலவற்றில் வைஃபை டைரக்ட் உண்டு. பிரிண்டரே தனியாக ஒரு சின்ன வைஃபையை வெளியிடும். அதன் பெயர் 'டைரக்ட்' என்று தொடங்கி, இரண்டு எழுத்தோ எண்ணோ வந்து, மாடல் பெயரில் முடியும். கம்ப்யூட்டரை அதில் சேர்த்தால் உடனே அச்சு வரும், வீட்டு ரவுட்டரின் பாஸ்வேர்டுகூடக் கேட்க வேண்டாம். அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியவருக்கு அது சுலபம். ஆனால் அந்த வைஃபையின் பாதை பிரிண்டரோடு நின்றுவிடும். பிரிண்டர் ரவுட்டரோடு இணைந்திருந்தாலும், அந்த நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கடத்திவிடாது. கம்ப்யூட்டரும் சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒரே வைஃபையில்தான் இருக்கும். அதனால்தான் ஒன்று வந்தால் இன்னொன்று போகிறது. பிரிண்டர் வழியாக நெட் எடுக்கலாம் என்று கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கண்டுபிடிப்பது எளிது. விண்டோஸ் திரையின் வலது கீழ் மூலையில் வைஃபை கோடுகளுக்குப் பதிலாக ஓர் உலக உருண்டை தெரியும். அதைச் சொடுக்கினால் 'டைரக்ட்' பெயரும் அதன் கீழே 'இணையம் இல்லை' என்ற வரியும் இருக்கும். அந்தப் பெயரின் மேல் வலது சொடுக்கு போட்டு 'ஃபர்கெட்' கொடுத்துவிடுங்கள். துண்டித்தால் மட்டும் போதாது. 'தானாக இணை' என்ற குறி அப்படியே இருந்தால், ரவுட்டர் அணையும்போதெல்லாம் கம்ப்யூட்டர் மறுபடி பிரிண்டர் வைஃபைக்குத் தாவிவிடும்.

சரியான இணைப்பில் கம்ப்யூட்டர், போன், பிரிண்டர் மூன்றும் ஒரே ரவுட்டரில் இருக்கும். இங்கேதான் பலரும் சிக்குகிறார்கள். வைஃபைக்கு 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு; வீட்டு பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 மட்டும் பிடிப்பவை. ஃபைபர்காரர் சுவரில் மாட்டும் பெட்டி (இதுதான் ரவுட்டர், ஊரில் எல்லோரும் மோடம் என்றே சொல்கிறார்கள்) பல வீடுகளில் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் தருகிறது. அமைக்கும் நேரத்தில் போன் 5-இல் இருந்தால், சில பிரிண்டர் ஆப்கள் அந்த இணைப்பையே பிரிண்டருக்கும் கொடுக்கப் பார்த்துத் தோற்கும். இணைப்பு கொடுக்க வரும் பையனிடமே, "தம்பி, ரெண்டுக்கும் தனித்தனிப் பேர் வெச்சுக் குடுங்க" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர் உள்ளே வராது. டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்த முறை வேண்டும். பிரிண்டரை விருந்தினர் வைஃபையில் சேர்க்கக் கூடாது. அதில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்து வைத்திருக்கும்.

சேர்த்த பிறகு பிரிண்டரிலிருந்தே நெட்வொர்க் அறிக்கை ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். எந்த பட்டனை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். அதில் பார்க்க வேண்டியது ஐபி முகவரி, அதாவது ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் எண். 192.168.1.23 போல, ரவுட்டரின் முகவரியோடு, புள்ளிகளால் பிரித்த நான்கு எண்களில் முதல் மூன்றும் ஒத்துப்போனால் நல்லது. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் இணைப்பு பாதியில் நின்றிருக்கும். ரவுட்டரையும் பிரிண்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டு மறுபடி சேர்க்க வேண்டும்.

இத்தோடு விட்டுவிட்டால், நீங்கள் திரும்பிப் போன சில வாரங்களில் 'ஆஃப்லைன்' என்று வாட்ஸ்அப்பில் படம் வரும். கரண்ட் போய் வரும்போது ரவுட்டர் முகவரிகளைப் புதிதாகப் பங்கிடும். நேற்று 23 ஆக இருந்த பிரிண்டர் இன்று 27 ஆகலாம். பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அறிக்கையில் அச்சான மேக் முகவரியை (பிரிண்டருக்கே உரிய மாறாத அடையாள எண்) எடுத்துக்கொண்டு, பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, பிரிண்டருக்கு ஒரு நிலையான எண்ணை ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்தின் முகவரி பல பெட்டிகளில் 192.168.1.1, ஜியோவில் 192.168.29.1. உள்ளே போகும் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளூர் கேபிள்காரர் மாற்றி வைத்திருந்தால் அவரிடமே கேட்டு வாங்க வேண்டும்.

பிறகு விண்டோஸில் பிரிண்டரின் பண்புகளில் 'போர்ட்ஸ்' பகுதிக்குப் போங்கள், கம்ப்யூட்டர் எந்த வழியாகப் பிரிண்டரை அடைகிறது என்பது அங்கே இருக்கும். தானாகச் சேர்த்த பிரிண்டர் பல சமயம் டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். புதிதாக ஒரு டிசிபி/ஐபி போர்ட் சேர்த்து, ஒதுக்கிய எண்ணை அதில் கொடுங்கள். அங்கேயே 'கான்ஃபிகர் போர்ட்' அழுத்தி, 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' (பிரிண்டரின் நிலையைக் கம்ப்யூட்டர் கேட்டுப் பார்க்கும் முறை) என்ற குறியையும் எடுத்துவிடுங்கள். பிரிண்டர் விழித்திருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டுவதற்குப் பல வீடுகளில் காரணம் அந்த ஒரு குறிதான்.

ரவுட்டர் ஒரு அறையிலும் பிரிண்டர் இரண்டு சுவர் தாண்டியும் இருக்கும் பழைய வீடுகளில் சிக்னல் எட்டாது. அங்கே ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் இழுத்துவிட்டால், நெட் கேபிளில் வரும். வைஃபை காலியாக இருப்பதால் பிரிண்டரின் டைரக்ட் வைஃபையில் தாராளமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். இல்லையென்றால் யூஎஸ்பி வயர். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே பிரிண்டர் இருக்கிற வீட்டில் நான் யூஎஸ்பியைத்தான் சொல்வேன். பெரியவர்களுக்கு அதைவிட நிம்மதி எதுவும் இல்லை.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். கரண்ட் வந்ததும் பிரிண்டர் சீக்கிரம் எழுந்துவிடும், ஃபைபர் பெட்டி தயாராகச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் தேடி அலுத்து நின்றுவிடும் பிரிண்டர்களும் உண்டு. ரவுட்டருக்கு மட்டும் ஒரு மினி யுபிஎஸ் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழியும். வாங்குமுன் பெட்டியின் அடாப்டரைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆம்பியர் 1-லிருந்து 2 வரை மாறும். யுபிஎஸ் அதே வோல்ட் தர வேண்டும், ஆம்பியர் அதற்குக் குறையக் கூடாது.

பெட்டியில் 'லாஸ்' (எல்ஓஎஸ், அதாவது ஃபைபரில் சிக்னல் இல்லை) விளக்கு சிவப்பாக எரிந்தால் வீட்டுக்குள் எதையும் மாற்ற வேண்டாம். பெரும்பாலும் வெளியே ஃபைபர் அறுந்திருக்கும் அல்லது எங்கோ மடங்கியிருக்கும். கம்பத்திலிருந்து மரக்கிளை வழியாக வரும் வயரை அணில் கடிப்பதும், உயரமாக வைக்கோல் ஏற்றிய லாரி இழுத்துப்போவதும் அங்கே நடப்பதுதான். அப்பா அம்மாவுக்கு இந்த ஒரு விளக்கை மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டால், "சிவப்பு எரியுது" என்று கேபிள்காரருக்கு அவர்களே போன் போட்டுவிடுவார்கள்.

நெட் நிறுவனத்தை மாற்றினால் புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் வைக்கச் சொல்லுங்கள். பிரிண்டர், டிவி, போன் எல்லாம் தாமாகவே சேர்ந்துகொள்ளும். நிலையான எண்ணை மறுபடி ஒதுக்க வேண்டும், அது மாறினால் விண்டோஸ் போர்ட்டிலும் மாற்ற வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து பிரிண்டர் தூக்கிக்கொண்டு போக நினைப்பவர்கள் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் ஊர் 230-இல் செருகியதும் போய்விடும். 100–240 என்று இருந்தாலும், சில நிறுவனங்களின் கார்ட்ரிட்ஜ்கள் நாட்டுக்கு நாடு பூட்டப்பட்டவை. ஊரில் வாங்கும் மை அதில் ஏறாது.

தூரத்திலிருந்து பார்க்க விண்டோஸிலேயே 'க்விக் அசிஸ்ட்' இருக்கிறது. கண்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். நீங்கள் சொல்லும் குறியீட்டை அவர்கள் அடித்தால் அவர்கள் திரை உங்களுக்குத் தெரியும். ஊரில் இருக்கும்போதே ஒருமுறை பக்கத்து அறையிலிருந்து பழக்கிவிடுங்கள். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று யார் கேட்டாலும் இதைத் திறக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பிரிண்டரின் மூடியில் மூன்று வரி ஒட்டிவிட்டு வாருங்கள்: வைஃபை பெயர், பிரிண்டரின் எண், 'வெள்ளிக்கிழமைதோறும் கலரில் ஒரு பக்கம்'. கடைசி வரி, மை காய்ந்து ஹெட் அடைக்காமல் இருக்க.