கோல அரிசிக்குச் சாயம்: சங்குப்பூவா, அமரில்லிஸா?

தீபாவளிக் கோலத்துக்கான அரிசியில் கடைப்பொடிக்குப் பதில் பூவின் நிறத்தையே ஏற்றலாம் என்று நினைத்தபோது, சிங்கப்பூரின் ஈசூன் பகுதியில் உள்ள வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு தொட்டிகள் பூத்திருந்தன. ஒன்று, கிழங்கிலிருந்து முளைக்கும் அமரில்லிஸ், ரத்தச் சிவப்பு. மற்றொன்று, கம்பியைப் பற்றி ஏறிய நீலச் சங்குப்பூ. நான் சங்குப்பூவைப் பறித்தேன். இன்றும் அதன் பக்கம்தான்.

அழகிலும் செலவிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுக்கும் நிறம் கொடுப்பதும் அந்தோசயனின் வகை நிறமிகளே. கத்தரிக்காய்த் தோலில் இருப்பதும் அதுதான். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது, நிறத்தோடு சேர்ந்து வருவதைக் கண்டு. அமரில்லிஸ் செடியில் லைக்கோரின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கிழங்கில் மிகுதி என்றாலும் மற்றப் பாகங்களும் உண்ணத் தக்கவை அல்ல. வயிற்றில் போனால் வாந்தியும் பேதியும் வரும். இங்கே சாலையோரங்களில் வெள்ளையாகப் பூக்கும் சிலந்தி லில்லியும் அதே குடும்பம். சங்க காலம் முதல் நாம் கொண்டாடும் செங்காந்தளில் இருக்கும் கோல்ச்சிசின் என்ற நஞ்சோ உயிரையே பறிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. இதழை வெந்நீரில் ஊறவைக்கும்போது, நிறம் மட்டும் இறங்கட்டும், நஞ்சு அங்கேயே நிற்கட்டும் என்று யார் பிரித்துவிட முடியும்? கோலத்தருகே உட்கார்ந்து அரிசியை வாயில் போட்டுக்கொள்ளும் மூன்று வயதுப் பேத்தி வீட்டில் இருக்கும்போது, எனக்கு வேறு யோசனையே எழவில்லை.

கிழங்குச் செடிகளில் குங்குமப்பூவை மட்டும் தனியாக வைக்க வேண்டும். காலங்காலமாகச் சமையலில் இருப்பது அது. ஆனால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 150,000 பூக்கள் தேவைப்படும் பொருளைக் கேசரிக்குச் சிட்டிகையாகப் போடலாம், கோலத்துக்குக் கொட்ட முடியாது. அதைப் போலவே தோற்றமளிக்கும் நச்சுச் செடியான கோல்ச்சிக்கத்தில் மகரந்தத் தாள்கள் ஆறு, குங்குமப்பூவில் மூன்றுதான்.

சங்குப்பூ இங்கே சமையலறைப் பூ. நியோன்யா சாங் என்ற, இலையில் பொதிந்து வேகவைக்கும் அரிசிப் பண்டத்தின் நீலம் அதிலிருந்து வருவதுதான். அதன் சாற்றை உணவு நிறமாக அமெரிக்கா 2021இல் அனுமதித்தது. ஆனால் 2022இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உலர்ந்த பூவைப் பற்றி ஆட்சேபம் எழுப்பியது என்பதையும் மறைக்கக் கூடாது. வேரும் விதையும் பேதி மருந்து, அவற்றைத் தொடுவதில்லை. பச்சைக் காம்பையும் கிள்ளிவிட்டு இதழை மட்டும் எடுக்கிறேன்.

பத்துப் பூவுக்கு அரைக் கோப்பை வெந்நீர். சில நிமிடங்களில் மை போல் நீலம் இறங்கும். எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டால் ஊதாவாகும். அரிசியை அதில் பிரட்டி விசிறிக்கடியில் விரிக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் மெத்தனமாக இருந்தால் பூசணம் பிடித்துவிடும். இரண்டு தீபாவளிக்குத்தான் செய்திருக்கிறேன். இரண்டு முறையும் மூன்றாம் நாளே வெயில் பட்ட ஓரத்தில் நீலம் வெளுக்கத் தொடங்கியது. அடுத்த முறை கோலத்தைக் கதவுக்கு உட்புறம் போடப் போகிறேன்.