இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

"அண்ணே, இந்தக் கையேட்டை நம்பி அம்மாவைத் தாத்தாவின் ஊருக்கு அழைத்துப் போகலாமா?" என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். தமிழ்நாட்டில் பூர்வீக ஊரைத் தேடும் தோட்டத்துக் குடும்பங்களுக்காக 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளைப் பல ஆண்டுகளாகப் புரட்டி வருகிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

இக்கையேட்டின் மக்கள்தொகைப் பகுதி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பாட்டியின் பேச்சில் வெறும் பெயராக மட்டும் இருந்த ஓர் ஊரில் எத்தனை வீடுகள், எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், ஆறு வயது வரையிலான குழந்தைகள் எத்தனை பேர், சொந்த நிலத்தில் பயிரிடுவோர் எத்தனை பேர், பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்போர் எத்தனை பேர் என்பதையெல்லாம் ஒரே வரிசையில் படித்துக் காட்டும்போது, கேட்கும் முதியவர்கள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிடுவார்கள். மாவட்டங்கள் பிரிந்துவிட்டதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஊரை இதில் விழுப்புரத்தில்தான் தேட வேண்டும்.

என் பொறுமையைச் சோதிப்பது போக்குவரத்துப் பகுதி. அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, ஆட்டோ, தார்ச்சாலை என ஒவ்வொன்றுக்கும் உண்டு அல்லது இல்லை என்ற ஒரே விடைதான். இல்லையென்றால், அது கிடைக்கும் இடம் 5 கி.மீ.க்குள்ளா, 5 முதல் 10 கி.மீ. வரையா, அதற்கும் அப்பாலா என்று மூன்றில் ஓர் எழுத்துக் குறியீடு தரப்படும். அரைக் கிலோமீட்டரும் நாலரைக் கிலோமீட்டரும் அதில் ஒன்றே. பேருந்து நாளுக்கு ஒரு முறை வருகிறதா, மணிக்கு ஒரு முறை வருகிறதா என்பதற்கும் இடமில்லை.

இதைவிடப் பெரிய குறை, கணக்கின் அலகே வருவாய்க் கிராமமாக, அதாவது அரசின் நிலப் பதிவேட்டுக்காக வகுத்த எல்லையாக, இருப்பது. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் ஊரும் காலனியும் பல குக்கிராமங்களும் அடங்கும். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களில் பல, ஊருக்குள்ளிருந்து அல்ல, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட குடியிருப்புகளிலிருந்து புறப்பட்டவை. பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்பதைக் கையேடு தனியாக எண்ணித் தருகிறது. ஆனால் பேருந்து ஊரின் முகப்பில் நின்றுவிடுகிறதா, அவர்களுடைய தெருவரை செல்கிறதா என்பதைச் சொல்வதில்லை. ஈப்போவிலிருந்து கோலகங்சார் செல்லும் சாலையில் பேருந்து ஓடினாலும், இறங்கிய இடத்திலிருந்து தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் வரை செம்மண் பாதையில் நடந்தவர்கள் நாம். 'பேருந்து உண்டு' என்ற இரண்டு சொற்கள் எவ்வளவு தொலைவை மறைக்கக்கூடும் என்பது நமக்குத் தெரியும்.

குடியிருப்பு வாரியாகக் கணக்கிட இயலாது என்று சொல்வதற்கில்லை. 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வாழும் சாலையற்ற குடியிருப்புகளைத்தான் அலகாகக் கொண்டது. சாலை போடுவதற்குத் தேவைப்பட்ட நுணுக்கம், போக்குவரத்தைப் பதிவு செய்வதற்கு ஏன் தேவைப்படவில்லை? 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள்; அந்தப் பேருந்து தெருவுக்கு வராத பெண்ணுக்கு அச்சலுகை எட்டுவது கடினம் என்பதையும் இந்தப் பட்டியலைக் கொண்டு யாரும் அறிய முடியாது.

பல்லாயிரம் கிராமங்களை எண்ணி முடித்து, அதை எவரும் இலவசமாகப் பெறும்படி வைத்திருப்பது பெரும் பணி என்பதில் எனக்கு ஐயமில்லை. இவ்வளவு பாராட்டிய பிறகும், பயணத்துக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பின் கையேடு வந்தால், போக்குவரத்துப் பக்கங்களைத்தான் முதலில் திறப்பேன். நண்பரிடம், வட்டத்தையும் வருவாய்க் கிராமத்தையும் மட்டும் இதிலிருந்து குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரைத் தொடர்புகொண்டு காலனியின் பெயரைச் சொல்லி வழி கேட்கும்படியும், அம்மாவுக்காகத் திருச்சியிலிருந்தே வாடகைக் கார் அமர்த்திக்கொள்ளும்படியும் சொல்லியிருக்கிறேன்.