முதுகுப் பையா, மூடி வாளியா? மண்சரிவுக்கு எதைக் கட்டி வைப்பது

வெள்ளத்துக்குச் சொல்லப்படும் அவசரப் பொதி இலங்கையின் மலையகத்துக்கு அப்படியே ஒத்துவராது. கீழ்நாட்டில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே மூட்டை கட்டலாம். மண்சரிவு அந்த நேரத்தைத் தராது. 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதை நாம் எல்லோரும் அறிவோம். ஆகவே பொதியில் என்ன இருக்கிறது என்பதற்கு முன், அதைத் தூக்கிக்கொண்டு வழுக்கும் படியில் இறங்க முடியுமா என்று பாருங்கள்.

மூடி போட்ட 20 லீற்றர் வாளிக்கு ஆதரவு அதிகம். மழை உள்ளே போகாது, முகாமில் தண்ணீர் பிடிக்கவும் உதவும். ஆனால் ஒரு கையை அது பிடித்துக்கொள்ளும். மறு கையில் பிள்ளை என்றால் டோர்ச்சை யார் பிடிப்பது? உரச்சாக்கு செலவில்லாதது, தலைச்சுமையாகவும் போகும். சேற்றில் கால் வழுக்கினால் சுமையோடு ஆளும் சாய்வார். சில்லு வைத்த பயணப் பெட்டி தோட்டத்துப் பாதைக்கு உதவவே உதவாது.

எங்கள் தேர்வு பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பேக். இரண்டு கையும் சும்மா இருக்கும். அதன் குறை, துணி நனையும், தையல் விடும். உள்ளே தடித்த கறுப்புப் பொலித்தீன் உறையை விரித்து, சாமானை அதற்குள் போட்டு, வாயை முறுக்கி முடிச்சுப் போடுங்கள். தோள்பட்டி சேருமிடத்தை நைலோன் நூலால் இன்னொரு முறை தைத்துவிடுங்கள். பாரம் ஏறினால் முதலில் விடுவது அந்த இடம்தான். பெரியவருக்கு ஐந்தாறு கிலோ, பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்தால், அதைத் தூக்குபவர் பிரிந்துபோகும்போது மருந்தும் போய்விடும்.

தண்ணீரில்தான் கணக்கு பிழைக்கிறது. மூன்று நாளைக்கு ஆளுக்கு 12 லீற்றர் என்றால் 12 கிலோ. யாராலும் சுமக்க முடியாது. ஆளுக்கு ஒரு லீற்றர் போத்தலும் குளோரின் வில்லைகளும் போதும். கலங்கிய நீரைத் துணியில் வடித்து, வில்லை உறையில் எழுதியுள்ள அளவில் வில்லை போட்டு, அரை மணித்தியாலம் விடுங்கள். வடிக்காமல் போட்டால் குளோரின் சேற்றிலேயே வீணாகும்.

ஆவணங்களை லெமினேட் செய்வதைவிட ஸிப் உறை நல்லது. சில அடகு ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சானவை, சூடுபட்டால் கறுத்துவிடும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, ஒரு வாரத்து மருந்து எல்லாம் அதோடு சேரட்டும். குடையை விட்டு ரெயின்கோட் எடுங்கள். மெழுகுவர்த்தியை விட்டு, தலையில் கட்டும் டோர்ச். பெற்றரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளேயே கிடந்தால் கசிந்து டோர்ச்சைக் கெடுக்கும். நுவரெலியாக் குளிருக்கு ஆளுக்கொரு சுவெட்டர் கட்டாயம்.

கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்கு மேலும் வைத்த பை இருட்டில் கைக்கு வராது. வாசல் கதவுக்குப் பக்கத்தில், பாட்டிக்கும் எட்டுகிற உயரத்தில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே சப்பாத்தும் பக்கத்தில் இருக்கட்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், வெளியேற வேண்டிய கட்டம். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு கண்டாலும், ஊற்று திடீரெனக் கலங்கினாலும், அறிவிப்புக்குக் காத்திராமல் பையோடு கிளம்பி, ஓடைப் பக்கம் போகாமல் விலகி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.