பழைய பீட்டிலுக்கு எந்த இன்ஜின்: 1600-ஆ, 1776-ஆ, சுபாருவா?

பெங்களூரில் நான் ஓட்டும் 1960களின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில், காற்றால் குளிரும் 1192 சி.சி. (‘1200’) இன்ஜின் தேய்ந்தபோது, அதே குடும்பத்து 1600 இரட்டை போர்ட் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி உள்வழி உள்ள) இன்ஜின், அதில் 90.5 மி.மீ. பிஸ்டன் போட்டுப் பெருக்கிய 1776, தண்ணீரால் குளிரும் சுபாரு காரின் இ.ஜே. வகை இன்ஜின் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து 1600-ஐத் தேர்ந்தேன். இந்த அலசலும் அதன் பக்கமே சாயும்.

வேகம்தான் குறி என்றால் சுபாருவை மிஞ்ச முடியாது. 1200-க்கு 34, 1600-க்கு 50 குதிரைத்திறன் என்றால், சுபாருவின் 2.2 லிட்டர் 130-ஐத் தாண்டும். ஆனால் அதைத் தாங்க பிரேக்கையும் பின் ஆக்ஸிலையும் மாற்றி, ரேடியேட்டருக்கு இடமும் தேட வேண்டும்.

நம் ஊரில் முடிவைத் தீர்மானிப்பது வெப்பமே. பீட்டிலின் இன்ஜினைக் குளிர்விக்கும் ஃபேன், இன்ஜின் சுழற்றும் டைனமோவின் தண்டிலேயே இருப்பதால், சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் இன்ஜின் மெதுவாகும்போது அதுவும் மெதுவாகும். பழைய இன்ஜின்களில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே நின்று மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றை மறிக்கும். 1971-இல் வந்த இரட்டை போர்ட் இன்ஜினில் அந்தக் கூலரை ஒதுக்கி வைத்ததே எனக்குப் பெரிய ஈர்ப்பு. இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் சீல்களும் முழுதாக இருக்க வேண்டும்; பலர் அழகுக்காகக் கழற்றிவிடும் அவை இல்லையென்றால், கீழிருந்து வரும் சூடான காற்றையே ஃபேன் மறுபடி உறிஞ்சும்.

1776-க்கு இன்ஜினைப் பிரித்து கேஸ் (இன்ஜினின் உடற்கூடு), ஹெட் (சிலிண்டரின் மூடி) இரண்டையும் போரிங் செய்ய, அதாவது துளையைப் பெரிதாக்க வேண்டும். கூடும் வெப்பத்தைப் பழைய ஃபேனே சமாளிக்க வேண்டும். சுபாருவில் நான் பக்கத்து இருக்கையில்தான் சென்றிருக்கிறேன்; ரேடியேட்டருக்கு மின்விசிறி இருப்பதால் நெரிசலில் அது நிதானமாகவே இருந்தது. நீண்ட நாள் பராமரிப்பு குறித்துத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

1600-க்கும் செலவு உண்டு. பழைய 6 வோல்ட் வண்டியில் பெரிய ஃப்ளைவீல் (இன்ஜினின் சுழல் சக்கரம்) நுழைய, அதை மூடும் கியர்பெட்டிக் கூடான பெல் ஹவுசிங்கின் உட்புறத்தைச் சற்றுத் தேய்க்க வேண்டும். அதன்பின் இரண்டரை லிட்டர் ஆயில், 0.15 மி.மீ. வால்வு கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி), பெல்ட் ஆகியவற்றைக் கவனித்தால் போதும்.

மூன்றில் எதைப் பொருத்தினாலும் ஆர்.டி.ஓ. அனுமதி முன்கூட்டியே வேண்டும். 50 வயது கடந்த வண்டிகளுக்கு 2021 விதிகள் தரும் ‘வி.ஏ.’ என்ற விண்டேஜ் பதிவெண்ணுக்கு அசல் நிலை முக்கியம் என்பதால், கழற்றிய 1200-ஐ விற்காமல் வைத்திருக்கிறேன்.