ஸ்ட்ரோக்குக்கு ஸ்டெம் செல் பேக்கேஜ்: காசு ஊசிக்கா, பிசியோவுக்கா?

பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஓடியிருக்கும். கால் ஓரளவு தேறிவிட்டது, கை மட்டும் மடங்கியபடியே கிடக்கிறது. பல வீடுகளில் ஸ்டெம் செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) பேச்சு அப்போதுதான் எழும். இந்தியாவில் சில தனியார் மையங்கள் விற்கிற பேக்கேஜ் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது: ஒரு வாரம் போலத் தங்கல், ஒரு நாள் செல் ஊசி, மற்ற நாட்களில் பிசியோ, கைப்பயிற்சி, பேச்சுப் பயிற்சி. பில் லட்சத்தில் வரும்.

ஊசி நாளில் நடப்பது இதுதான். இடுப்பெலும்பின் பின்விளிம்பில் மரப்பு ஊசி போட்டு, தடித்த ஊசியால் சுமார் 100 மில்லி மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். லேபில் அதைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும். நடுவே மங்கலான வெள்ளைப் படலம் ஒன்று நிற்கும். அந்தப் படலத்தை மட்டும் எடுத்துக் கழுவி, எண்ணிப் பார்த்து, அன்றைக்கே கீழ்முதுகு வழியாகத் தண்டுவட நீரில் ஏற்றிவிடுவார்கள்.

ரிப்போர்ட்டில் "10 கோடி செல்" என்று இருக்கும். பார்க்கப் பெரிய எண். ஆனால் அந்தப் படலத்தில் பெரும்பங்கு சாதாரண வெள்ளையணுக்கள்தான். மீசன்கைமல் ஸ்டெம் செல் (எலும்பு, கொழுப்பு போன்றவையாக மாறக்கூடிய மூலச் செல்) என்று பெயர் சொல்லி விற்கப்படுவது, அந்தப் படலத்துச் செல்களில் 0.001 முதல் 0.01 சதவீதம்தான் இருக்கும். கணக்குப் போட்டால் 10 கோடியில் ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை. அதைக் கோடிக்கணக்கில் பெருக்க லேபில் வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும். காலையில் எடுத்து மாலையில் போடும் பேக்கேஜில் அதற்கு இடமே இல்லை. "செல் போய்ப் புது நரம்பாக முளைக்கும்" என்பதும் விளம்பர வாசகம்தான். மஜ்ஜை செல்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் சுற்றியுள்ள திசுவுக்கு உதவலாம் என்பதே ஆராய்ச்சியாளர்களின் எதிர்பார்ப்பு.

அந்த எதிர்பார்ப்பு இந்தியாவிலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. ஐந்து மருத்துவமனைகள், 120 நோயாளிகள். பாதிப் பேருக்கு அவரவர் மஜ்ஜை செல் சராசரியாக 28 கோடி, ரத்த நாளம் வழியாக. முடிவு 2014இல் வந்தது. ஆறு மாதம் கழித்து, அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறனை 100க்கு அளக்கும் பார்த்தெல் மதிப்பெண் செல் பெற்றவர்களுக்கு 63.1, பெறாதவர்களுக்கு 63.6.

பிறர் மஜ்ஜையிலிருந்து தயாரித்து மூளைக்குள்ளேயே வைத்த எஸ்பி623 என்ற செல்லின் கதை இன்னும் கூர்மையானது. ஸ்டான்ஃபோர்டு தலைமையில் 18 பேருக்கு மண்டையோட்டில் துளையிட்டு, 25 லட்சம் முதல் 1 கோடி செல் வரை வைத்தார்கள். 2016இல் வெளியான முடிவில் கை கால் அசைவை அளக்கும் ஃபூகல்-மேயர் மதிப்பெண் சராசரியாக 19 கூடியிருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. அடுத்த கட்டத்தில் 163 பேர். சிலருக்குச் செல் வைக்காத பாவனை அறுவை மட்டும். 2019இல் அந்த ஆய்வு அதன் முதன்மை இலக்கைத் தொடவில்லை. ஜப்பானில் 206 பேருக்கு நடந்த மல்டிஸ்டெம் என்ற, பிறர் மஜ்ஜையிலிருந்து தயாரித்த செல்லின் ஆய்வும் (ஸ்ட்ரோக் வந்து 36 மணி நேரத்துக்குள், 120 கோடி செல்) இலக்கைத் தவறவிட்டது. "முன்பு, பின்பு" வீடியோ காட்டும் இடத்தில் நினைவில் வைக்க வேண்டியது அந்த 18 பேரைத்தான்.

பேக்கேஜில் உருப்படியான பாகம் பயிற்சி. தினம் பல மணி நேரம், ஒரே கைவேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். வீட்டில் வாரம் மூன்று நாள் அரை மணி நேர பிசியோவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அதற்குச் செல் தேவையில்லை. நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பலவீனமான கையையே இரண்டு வாரம் உழைக்க வைக்கும் முறையை 222 பேரிடம் சோதித்தார்கள். 2006இல் வந்த முடிவில் ஓராண்டு கழித்தும் பலன் நின்றிருந்தது. மணிக்கட்டும் விரல்களும் பத்து டிகிரியாவது நிமிர்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். மதிப்பெண் போடச் சொன்னால் ஊசிக்கு 5க்கு 1, பயிற்சிக்கு 5க்கு 4 என்று தாராளமாகப் போடலாம்.

ஆபத்துப் பக்கத்தில் பலரும் கவனிக்காதது மாத்திரை. ஸ்ட்ரோக் வந்தவர் பலரும் ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். முதுகில் ஊசி போட அதை 5 முதல் 7 நாள் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டலாம், நிறுத்தினால் அந்த இடைவெளியில் இன்னொரு ஸ்ட்ரோக் வரலாம். வழக்கமாகப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக்கூடாது. இன்னொன்று: முழுமையான கிருமிப் பரிசோதனை முடிவுக்கு 14 நாள் ஆகும், செல்லோ அதே நாளில் உள்ளே போய்விடுகிறது. ஆகவே ஊசிக்கு முன்பே கிராம் ஸ்டெயின் (பாக்டீரியாவைச் சாயமேற்றிப் பார்ப்பது), எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) முடிவுகளும், உயிரோடிருக்கும் செல் எத்தனை சதவீதம் என்பதும் கையில் வர வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி ஸ்ட்ரோக்குக்கு ஸ்டெம் செல் வழக்கமான சிகிச்சை கிடையாது; அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே தரலாம், ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் தந்தால் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, நோயின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். எண்ணும் தந்து பில்லும் போட்டால், அங்கேயே எழுந்துவிடலாம்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் செல் ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வையுங்கள், யாருடைய செல் என்பது உட்பட. சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று போய்ப் பிறருடைய செல்களை முதுகில் ஏற்றிக்கொண்ட ஸ்ட்ரோக் நோயாளி ஒருவருக்குத் தண்டுவடத்தில் கட்டி வளர்ந்ததும், அது அந்த வேற்று செல்களிலிருந்தே முளைத்ததும் 2016இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஊசி போட்டு மாதங்கள் கழித்து முதுகுவலி கூடினாலோ, நன்றாக இருந்த கால் மரத்தாலோ, சிறுநீர் அடங்காமல் போனாலோ "பழைய வாதம்தானே" என்று விடாமல் முதுகுக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்.